விரல் நுனியில் உண்டியல்

மார்ச் மாதத் தேர்த்திருவிழாவின்போது ஓசூர் மலையடிவாரத்தில் நிற்பவர்களின் காதில் மூன்று மொழிகள் ஒருசேர விழும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் கூட்டம், மரகதாம்பிகை உடனுறை சந்திரசூடேஸ்வரரைத் தரிசிக்க மலையேறும். சில ஆண்டுகளாக நான்காவது குரல் ஒன்றும் அங்கே கேட்கிறது. பூக்கூடைக்கு அருகே வைக்கப்பட்டிருக்கும் சிறு பெட்டி, "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று உரக்க அறிவிக்கிறது. முழம் போட்டுப் பூ அளக்கும் அம்மையார் தலை நிமிராமலே அடுத்தவருக்குப் பூவை நறுக்குகிறார். சில்லறை இல்லை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

வழிபாட்டின் வெளிப்புற ஏற்பாடுகள் எவ்வளவு விரைவாக மாறிவிட்டன என்பதற்கு அந்தப் பெட்டியே சாட்சி. அர்ச்சனைச் சீட்டு, அன்னதான நன்கொடை, தங்கும் அறை, பிரசாதம், ஜோதிடம், பரிகாரம், மாலை, யந்திரம் என அனைத்தும் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அவற்றோடு வணிகமும் வந்தது; வணிகத்தின் நிழலாக வஞ்சகமும் வந்தது. இவற்றைப் பிரித்தறியும் பொறுப்பு இப்போது ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் விழுந்திருக்கிறது.

எல்லையூரின் இயல்பு

பெங்களூருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், தேசிய நெடுஞ்சாலை 44-ல் அமைந்துள்ளது ஓசூர். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகளால் தொழில் நகரமாக வளர்ந்தது. 2019-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சிப்காட் தொழிற்பேட்டைகளும் மின்சார வாகன ஆலைகளும் கைப்பேசி உதிரிபாக ஆலைகளும் அடுத்தடுத்து எழுந்தன. ரோஜாத் தோட்டங்களும் மாந்தோப்புகளும் நிறைந்திருந்த மண்ணில், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வாடகை வீடு எடுத்துக் குடியேறினர்.

இவர்களுள் பெரும்பாலோருக்குக் குலதெய்வம் ஓசூரில் இல்லை. ஒருவருக்குத் தென்பெண்ணைக் கரையோரக் கிராமத்தில். மற்றொருவருக்கு இராமநாதபுரத்துக் கண்மாய்க் கரையில். இன்னொருவருக்கு ஒடிசாவின் ஏதோவொரு சிற்றூரில். முறைமாற்றி வரும் வேலை நேரத்தில் விடுப்பு எளிதாகக் கிடைப்பதில்லை. ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் ஊரில் இருக்க இயலாத மகன், இரவு வேலை முடித்துவந்து, வாட்ஸ்அப்பில் வந்த அம்மன் அலங்காரப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். தொலைவில் இருப்பவனுக்கு அந்தச் சிறு திரையே அன்றைய சந்நிதி. அந்தக் கண்ணீரில் பொய் ஏதும் இல்லை.

பெருந்தொற்றுக் காலம் இதற்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. 2020 மார்ச் மாதத்தில் ஆலயங்கள் பக்தர்களுக்கு அடைக்கப்பட்டன. அவ்வாண்டு மே 4 அன்று மதுரை மீனாட்சி சுந்தரேஸ்வரர் திருக்கல்யாணம் சில சிவாசாரியர்கள் மட்டும் பங்கேற்க நடந்தேறியது. உலகெங்கும் உள்ள பக்தர்கள் இணைய நேரலையில் அதைக் கண்டனர். வீட்டுப் பூஜையறையில் அமர்ந்தபடியே பெண்கள் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டனர். அன்று தொடங்கிய பழக்கம், கதவுகள் திறந்த பின்னும் நீங்கவில்லை.

நல்ல வழிகள்

இணையத்தின் வழியே நடக்கும் நற்பணிகள் பல. அறநிலையத் துறையின் இணையதளத்திலும், 2023-ல் அறிமுகமான 'திருக்கோயில்' செயலியிலும் தலவரலாறு, பூஜை நேரம், சேவைக் கட்டணம் முதலியவற்றை அறியலாம். நன்கொடை செலுத்தி இரசீதும் பெறலாம். 2020-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து சபரிமலைப் பிரசாதம் அஞ்சல் துறை வழியாக இல்லங்களுக்கு வருகிறது. திருமலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டுகள் மாதந்தோறும் முன்கூட்டியே இணையத்தில் வெளியிடப்படுகின்றன.

கிராமக் கோயில்களிலோ இதைவிட எளிய முறை நிலவுகிறது. கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்கியதும் ஊரார் ஒரு வாட்ஸ்அப் குழு அமைக்கின்றனர். வெளியூர்ப் பங்காளிகள் வரியை அதன் வழியே அனுப்புகின்றனர். சிமெண்ட் வாங்கிய பில், ஸ்தபதிக்குக் கொடுத்த முன்பணம், வரவு செலவு நோட்டின் பக்கம் என எல்லாவற்றையும் படம் எடுத்துக் குழுவில் போடுகின்றனர். திருவிழா முடிந்து ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிக்கும் பழைய வழக்கத்தின் புது வடிவம் இது. தர்மகர்த்தாவின் நாணயத்தை ஊரே அன்றாடம் பார்க்கிறது. தேடுபொறியில் முதலிடம் பிடிக்கும் எந்த விளம்பரத்தைவிடவும் இத்தகைய கணக்கே கோயிலுக்கு மதிப்பைத் தேடித்தரும்.

முதல் வரியில் இருப்பவர் யார்?

இணையத் தேடலில் மேலே தோன்றுவதே உண்மையான முகவரி என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. தேடல் பக்கத்தின் மேல்வரிகள் பெரும்பாலும் விலைக்கு விற்கப்படுபவை. இன்ன சொல்லைத் தேடுவோர் கண்ணில் என் விளம்பரம் படவேண்டும் என்று வணிகர்கள் போட்டியிடுவர். ஏலம் போன்ற முறையில் இடம் ஒதுக்கப்படும். 'விளம்பரம்' என்ற சொல் பொடி எழுத்தில் அருகே இருக்கும். அவசரத்தில் அது கண்ணில் படுவதில்லை.

ஓசூர்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாக எண்ணிப் பார்க்கலாம். புரட்டாசியில் திருமலைக்குச் செல்ல விரும்புகின்றனர். தேவஸ்தானச் சீட்டுகள் தீர்ந்துவிட்டன. வீட்டின் மூத்தவர் கைப்பேசியில் 'திருமலை தங்கும் அறை' என்று தேடுகிறார். கோபுரப் படமும் திருநாமமும் சங்கு சக்கரமும் கொண்ட ஒரு பக்கம் திறக்கிறது. அதிலுள்ள எண்ணுக்கு அழைத்தால் ஒருவர் பணிவாகப் பேசுகிறார்: "அம்மா, தேவஸ்தானத்திலிருந்துதான் பேசுகிறோம். இன்னும் இரண்டே அறைகள் உள்ளன. முன்பணம் அனுப்பினால் உறுதி செய்துவிடலாம்." கன்னடத்தில் கேட்டால் கன்னடத்திலும், தெலுங்கில் கேட்டால் தெலுங்கிலும் விடை வருகிறது. பணம் சென்றபின் அந்த எண் ஓய்ந்துவிடுகிறது. குடும்பம் அலிபிரியை அடைந்து சீட்டைக் காட்டும்போதுதான் அது வெறுங்காகிதம் என்று தெரிகிறது. பணத்தை இழந்த வருத்தத்தைவிட, பெருமாள் வாசல்வரை வந்து திரும்புகிறோமே என்ற வேதனையே அவர்களை அதிகம் வாட்டும்.

இத்தகைய போலித் தளங்கள் மீது திருமலை திருப்பதி தேவஸ்தானம் பலமுறை காவல்துறையில் புகார் அளித்துள்ளது. 2024 ஜனவரியில் தன் இணைய முகவரியையும் 'டிடிதேவஸ்தானம்ஸ் டாட் ஏபி டாட் கவ் டாட் இன்' என மாற்றி அறிவித்தது. இதில் கவனிக்கவேண்டியது 'கவ் டாட் இன்' என்ற வால்பகுதி. அரசு அமைப்புகளுக்கு மட்டுமே அது வழங்கப்படும். தமிழக அறநிலையத் துறையின் தளமும் 'டிஎன் டாட் கவ் டாட் இன்' என்றே முடிகிறது. ஆலயத்தின் பெயரை யார் வேண்டுமானாலும் முகவரியின் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அரசுக்குரிய முடிவுப் பகுதியைத் தனியார் பெற இயலாது.

நம் மாநிலத்திலும் இத்தகைய வழக்கு எழுந்தது. சஷ்டியப்த பூர்த்தி, சதாபிஷேகம் செய்துகொள்ள மக்கள் நாடும் திருக்கடையூர்த் தலத்தின் பெயரில் தனியார் இணையதளங்கள் பணம் வசூலித்த விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. அவற்றை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. தனியார் இடைத்தரகர் எல்லோரும் மோசடிக்காரர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் கோயிலின் பெயரால் வாங்கும் பணம் கோயிலின் கணக்குக்குச் செல்கிறதா என்று கேட்க பக்தருக்கு உரிமை உண்டு.

ஒட்டுவில்லையின் கதை

உண்டியலுக்கு அருகே ஒட்டப்பட்டிருக்கும் கியூ.ஆர். குறியீட்டையும் ஆராய்ந்து பார்க்கவேண்டிய காலம் இது. 2023 ஏப்ரலில் கேதார்நாத், பத்ரிநாத் தலங்களில் நன்கொடைக் குறியீட்டுப் பலகைகள் காணப்பட்டன. தாங்கள் அவற்றை வைக்கவில்லை என்று கோயில் குழுவே காவல்துறையில் புகார் அளித்தது. பிறகு விசாரித்தபோது, 2018-ல் செய்துகொண்ட பழைய ஒப்பந்தத்தின் பேரில் கட்டணச் செயலி நிறுவனமே அவற்றை வைத்தது என்று தெரியவந்தது. குற்றம் ஏதும் இல்லையெனினும், எந்தக் குறியீடு யாருடையது என்று நிர்வாகத்துக்கே தெரியாதிருந்தது.

சீனாவிலோ உண்மையான திருட்டே நடந்தது. பௌத்த ஆலயங்களில் காணிக்கைக் குறியீட்டின்மேல் தன் சொந்தக் குறியீட்டை ஒருவர் ஒட்டிவிட்டார். புத்தரை வணங்கி மக்கள் செலுத்திய காணிக்கை அவர் கணக்குக்குச் சென்றது. 2024-ல் இச்செய்தி உலகெங்கும் வெளியானது. அவர் சட்டம் பயின்றவர் என்பது வேதனையான வியப்பு.

அயோத்தி பால ராமர் பிரதிஷ்டை 2024 ஜனவரி 22 அன்று நடைபெற்றது. அதற்கு முன்பே கோயில் நன்கொடை என்ற பெயரில் போலிக் குறியீடுகள் உலவுவதாக விசுவ ஹிந்து பரிஷத் எச்சரித்தது. அதே நாட்களில் 'ஸ்ரீராம் மந்திர் அயோத்தி பிரசாத்' என்ற பெயரில் சாதாரண இனிப்புகள் அமேசான் தளத்தில் விற்பனைக்கு வந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்துக்கு விளக்கம் கோரி அறிவிக்கை அனுப்பியது. இறைவனுக்கு நிவேதனம் செய்யப்பட்டாலே பிரசாதம். நிவேதனம் ஆகாத லட்டு, எத்துணை நெய் மணந்தாலும் தின்பண்டமே.

பக்தியின் சந்தை

மோசடி ஒருபுறம் இருக்க, சட்டத்துக்கு உட்பட்ட வணிகமும் மனத்தை அலைக்கழிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் திடீரெனத் தமிழகம் முழுவதும் கருங்காலி மாலை பரவியது. திரையுலகினர் கழுத்தில் தென்பட்டது, காணொளிகள் குவிந்தன, கடைகள் முளைத்தன. தேவை பெருகியபோது, சாதாரண மரமணிக்குக் கருஞ்சாயம் ஏற்றியவையும் சந்தைக்கு வந்தன. திண்டுக்கல் மாவட்டத்துப் பாதாளச் செம்பு முருகன் கோயிலில் இறைவன் திருவடியில் வைத்து வழங்கப்படும் மாலைக்கும், பெயர் தெரியாத கிடங்கிலிருந்து பொட்டலமாக வரும் மாலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கைப்பேசிப் படம் காட்டாது.

சமூக ஊடகத்தின் கணக்கு எளியது. ஒருவர் எதை நெடுநேரம் பார்க்கிறாரோ, அதையே மேலும் மேலும் காட்டும். மகளின் திருமணம் தள்ளிப்போகும் கவலையில் ஒரு தாய் இரவில் ஒரு பரிகாரக் காணொளியைப் பார்க்கிறாள். மறுநாள் பத்து வருகின்றன. "உங்கள் வீட்டில் தோஷம் உள்ளது" என்று ஒருவர் அச்சுறுத்துகிறார். "இன்று நள்ளிரவுக்குள் பதிவு செய்தால் பாதி விலை" என்று இன்னொருவர் அவசரப்படுத்துகிறார். உலகமே தன் துயரைக் குறித்துப் பேசுவதாக அவளுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அவளுடைய கவலையே அங்கே விற்பனைச் சரக்காகிவிட்டது.

இத்தகைய பொய்யான அவசரத்தைச் சட்டமும் குற்றமாகவே கருதுகிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறை, இணைய வணிகத்தின் 13 வகை வஞ்சக உத்திகளைப் பட்டியலிட்டது. இல்லாத தட்டுப்பாட்டைக் காட்டி அவசரப்படுத்துவது அவற்றுள் ஒன்று. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்பவர், அது விளம்பரம் என்று வெளிப்படையாக அறிவிக்கவேண்டும் என்பதும் விதி. எந்த மாலையைப் புகழ்பவரானாலும் இதற்கு விலக்கு இல்லை.

"இதைப் பதினொரு பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் கெடுதல் நேரும்" என்று வரும் செய்தியைக் கண்டு இளையோர் அஞ்சலாம், முதியோர் சிரித்துக்கொள்வர். அஞ்சலட்டைக் காலத்திலேயே அது வந்தது. அன்று 21 அட்டை வாங்கி, கை நோக எழுதி அனுப்பியவர்கள் பலர். அனுப்பாமல் விட்டவர்களும் பிள்ளைகுட்டிகளோடு நலமாகவே வாழ்ந்தனர். கருணையே வடிவான தெய்வம், செய்தியை மேலனுப்பவில்லை என்பதற்காக எவரையும் தண்டிப்பதில்லை.

பணம் அனுப்புமுன் ஒரு நொடி

2016-ல் அறிமுகமான யு.பி.ஐ. முறை, காணிக்கை செலுத்துவதை மிக எளிதாக்கியது. அதன் அடிப்படை விதிகள் சிலவற்றை வீட்டில் உள்ள அனைவரும், குறிப்பாகப் பாட்டியும் தாத்தாவும், மனத்தில் இருத்துதல் நலம்.

பணத்தை அனுப்புவதற்கு இரகசிய எண் தேவை. பணம் பெறுவதற்கு எந்த எண்ணையும் இடவேண்டியதில்லை. எந்தக் குறியீட்டையும் ஸ்கேன் செய்யவேண்டியதில்லை. "முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், எண்ணை இடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் திருப்பித் தர வரவில்லை. மீண்டும் எடுக்க வந்திருக்கிறார்.

குறியீட்டை ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு பெயர் தோன்றும். 2025 ஜூன் இறுதிக்குள், வங்கிக் கணக்கில் பதிவான உண்மைப் பெயரையே செயலிகள் காட்டவேண்டும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் பணித்தது. திருக்கோயிலின் பெயரோ செயல் அலுவலர் என்ற பதவிப் பெயரோ தோன்றவேண்டிய இடத்தில் தனிநபர் பெயர் தோன்றினால், அங்கேயே நிறுத்திவிட்டு அலுவலகத்தில் விசாரிப்பதே முறை. சிறு கிராமக் கோயில்களில் பொருளாளர் பெயரில் கணக்கு இருக்கக்கூடும். ஆனால் அவரை ஊரார் அறிவர்.

ஒருவேளை ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைப்பதே பெரிய இழப்பு. உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கவேண்டும், வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுமுன் புகார் பதிவானால், அதை இடையிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியமானது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிகளையும் அறிந்திருத்தல் நன்று. வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் ஒருவரால் பணம் பறிபோய், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், அவருக்குப் பொறுப்பு ஏதுமில்லை. இரகசிய எண்ணைத் தாமே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை ஏற்பட்ட இழப்பு அவரையே சாரும். புகாருக்குப் பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். எப்படியாயினும், தாமதம் கள்வனுக்கே துணை.

பிள்ளைகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பெற்றோர் பணம் இழந்துவிட்டால் "ஏன் செய்தீர்கள்?" என்று கடிந்துகொள்வதால் பயனில்லை. அந்தக் கடுஞ்சொல்லுக்கு அஞ்சியே பல முதியவர்கள் நாட்கணக்கில் வாய் திறவாமல் இருந்துவிடுகின்றனர். "அம்மா, கோயிலுக்கென்று எதை அனுப்புவதானாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று முன்னதாகவே அன்புடன் சொல்லிவைப்பது பெரிய காப்பு.

உடும்பும் உட்பொருளும்

சந்திரசூடேஸ்வரர் தலபுராணம் ஓர் அரிய காட்சியைச் சொல்கிறது. சிவபெருமான் ஒளிவீசும் உடும்பின் வடிவெடுத்து இம்மலைக்கு வந்தார். அம்பிகை அதைப் பின்தொடர்ந்து பற்ற முயன்றபோது, அவள் திருமேனி பச்சை வண்ணம் கொண்டது. அதனால் மரகதாம்பிகை எனத் திருநாமம் பெற்றாள் என்பர். வெளியே தெரிந்தது காட்டு உயிர். உள்ளே இருந்தது பரம்பொருள். இன்றைய திரைகளில் பல வேளை இதற்கு மறுதலையான காட்சியே தெரிகிறது. வெளியே தெரிவது தெய்வத்தின் திருவுருவம். உள்ளே இருப்பது வேறொன்று. புறத்தோற்றத்தோடு நின்றுவிடாமல் உள்ளிருப்பதை அறிந்து பற்றவேண்டும் என்பதற்கு அம்பிகையே வழிகாட்டி.

வேலைச் சுமையால் ஊருக்குச் செல்ல முடியாத நாளில் கைப்பேசி வழியே காணிக்கை செலுத்தலாம். நேரலையில் தீபாராதனையும் காணலாம். வாய்ப்புக் கிடைக்கும் நாளில், குழந்தைகளின் கைபிடித்து மலையேறி, அடிவாரத்தில் ஒரு முழம் பூ வாங்கி, சந்நிதியில் நின்று கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அனுபவத்தை மட்டும் இழந்துவிடலாகாது. பிறைசூடிய பெருமானும் மரகதவல்லியும் அனைத்துக் குடும்பங்களுக்கும் தெளிந்த அறிவையும் நிறைந்த வாழ்வையும் அருளட்டும்.

*தலம்:* அருள்மிகு மரகதாம்பிகை உடனுறை சந்திரசூடேஸ்வரர் திருக்கோயில், ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

*செல்லும் வழி:* பெங்களூரு – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஓசூர் நகரிலேயே மலை அமைந்துள்ளது. படிகள் வழியாகவும் வாகனப் பாதை வழியாகவும் மேலே செல்லலாம்.

*இணையப் பண மோசடி குறித்த புகாருக்கு:* 1930